லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும்

கேஷியரம்மா வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். முதல் பிளாஸ்டிக் டிரம் சாய்ந்தது. அது அடுத்ததை இடித்தது, அடுத்தது அதற்கும் அடுத்ததை. எல்லாம் மைதானத்தின் சரிவில் உருண்டு ஓட, அவர் பதறவே இல்லை. என்ஜினை அணைத்தார். கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, கதவைச் சாத்தி, சாவியிலிருந்த பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். பக்கத்து இருக்கையில் என் மனைவி உள்ளேயே இருந்தாள். அந்தப் பக்கக் கதவின் உள் கைப்பிடி உடைந்து போயிருந்தது. சரி செய்கிறேன் சரி செய்கிறேன் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து அந்தக் கதவைத் திறந்திருக்கலாம்தான். சிரித்த சிரிப்பில் அவளால் நகர முடியவில்லை. கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் கேஷியரம்மாவுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். நின்றார். திரும்பிப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார்.

என் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் கட்டடம் எல்லாம் கிடையாது. ஒரு எலுமிச்சை மஞ்சள் வண்டி, வாடகைக்கு எடுத்த ஒரு காலி மைதானம், ஒரு பெயர்ப்பலகை, அவள், அவ்வளவுதான். நான் ஒரு கிடங்கில் சரக்கு இருப்பு பார்க்கிறவன். விடுமுறை நாளில் அவளுக்கு டிரம் அடுக்குபவன், டயருக்குக் காற்றடிப்பவன், போன வருடத்திலிருந்து கேமராமேன். சம்பளம் கேட்டால், நிறுவனம் வளரும் கட்டத்தில் இருக்கிறது என்பாள்.

இந்தப் பேச்செல்லாம் புத்தகங்களிலிருந்து வந்தது. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் வண்டியிலேயே உட்கார்ந்து படிப்பாள். ஒன்றுமில்லாமல் தொடங்கி ஊரையே வளைத்துப் போட்டவர்களின் கதைகள், பிராண்டை எப்படிக் கட்டுவது, சமூக ஊடகத்தில் எப்படி ஆள் பிடிப்பது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உப்புக்குப் பக்கத்தில் எப்போதும் இப்படி ஒரு புத்தகம் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும். படித்ததை முதலில் பரிசோதிப்பது என் மேல்தான். ஒரு நாள், இந்த வீட்டில் என் பங்கு என்ன என்று ஒரே வரியில் சொல்லச் சொன்னாள். சொன்னதைச் செய்வது என்றேன். அது ரொம்பப் பொதுவாக இருக்கிறது, போட்டியாளர்களிடமிருந்து என்னைப் பிரித்துக் காட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் போட்டியாளர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அவள் வெறுமனே படிக்கிறவள் இல்லை. எல்லோருக்கும் விற்க நினைப்பவன் யாருக்கும் விற்கமாட்டான், உன் ஆள் யார் என்று முதலில் முடிவு செய் என்று ஏதோ ஒரு புத்தகத்தில் இருந்ததாம். ஒரு வாரம் யோசித்தாள். பிறகு ஒரு பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகையில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எழுதச் சொன்னாள். பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில், ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்றால் எப்படி? என் மைத்துனன் போனில் கூப்பிட்டு, தங்கைக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தான்.

அவளுக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. லைசென்ஸை வாங்கிப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, வருடக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே போய்க்கொண்டிருக்கும் பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஒருமுறை யாரோ பின்னாலிருந்து ஹாரன் அடித்ததில் பயந்து ஓட்டுவதையே விட்டவர்கள். உனக்கு எதுக்கு இந்த வம்பு, நகரு என்று புருஷனோ மகனோ சொன்னதும் சாவியை நீட்டிவிட்டவர்கள். அவர்களால் இன்னொரு பயிற்சிப் பள்ளிக்குப் போய், லைசென்ஸ் இருக்கிறது ஆனால் ஓட்டத் தெரியாது என்று இளவட்டங்கள் நடுவில் நின்று சொல்ல முடியாது. அந்தப் பலகையைப் பார்த்ததும் ஒவ்வொருத்தராக வந்தார்கள். முதலில் விலாசம் கேட்பதுபோலத்தான் வருவார்கள். என் மனைவி எதுவும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுப்பாள். என்னை யாராவது என்ன வேலை என்று கேட்டால், கிடங்கைச் சொல்வதற்கு முன் மனைவியின் பள்ளியைச் சொல்ல ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான்.

கேஷியரம்மாவும் அப்படி வந்தவர். வங்கியில் பணம் எண்ணி ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு அவருடைய நீல நிற வண்டி வீட்டு வாசலில் உறை மூடிக் கிடந்தது. வாரம் ஒருமுறை மகன் வந்து என்ஜினை ஓடவிட்டுவிட்டுப் போவான். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அவன் வருவதற்காகக் காத்திருப்பேன் என்று முதல் நாளே சொன்னார். மகனை எதிர்பார்த்து இல்லை, வண்டியின் சத்தத்துக்காக என்று அவரே திருத்தியும் சொன்னார். அந்த வண்டியை அவரே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

டிரம் உருண்ட அன்று அவரும் எங்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். இதை இணையத்தில் போடலாமா என்று என் மனைவி கேட்டபோது, போடும்மா, நாலு பேர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் என்றார்.

அன்று படமெடுத்தது நீளமானது. பூட்டிய கதவைத் திறந்துவிட்ட பிறகு கேஷியரம்மா என்னை ஒரு டிரம்மைக்கூடத் தொடவிடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிவில் இறங்கி, ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து தானே நிறுத்தினார். மறுபடியும் வண்டியில் ஏறினார். இந்த முறை எதிலும் உரசாமல் கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். எல்லாம் என் போனில் இருந்தது. ஆனால் முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடி, உச்சத்தில் வெட்டிவிடு என்று புத்தகம் சொல்லியிருந்தது. என் மனைவி அப்படியே செய்தாள். கேஷியரம்மா பூட்டிவிட்டு நடப்பதோடு படம் முடிந்தது.

பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. நீங்களே பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அதுவரை எங்கள் படங்களைப் பார்த்தவர்கள் அவளுடைய மாணவிகளும் என் அக்காவும்தான். இது கொடிகட்டிப் பறந்தது. யாரோ பாட்டுப் போட்டார்கள், யாரோ டிரம்முக்கு வசனம் பேசினார்கள். என் கிடங்கில் லாரி டிரைவர் அதை எனக்கே காட்டினார். போன் ஓயவில்லை. ஒரு டயர் கம்பெனி எங்கள் வண்டியில் விளம்பரம் செய்யக் கேட்டது. சேர விரும்புகிறோம் என்று வந்தவர்களில் பாதிப் பேர் பையன்கள். அந்த டிரம் வரிசையைத்தான் பார்க்க வேண்டுமாம். அலை வரும்போது இறங்கிவிடாதே என்று அவள் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு வைத்திருந்தாள். அலை வந்துவிட்டது.

கேஷியரம்மா வரவில்லை.

முதலில் காய்ச்சல் என்றார். அடுத்து உறவில் கல்யாணம் என்றார். அதற்கடுத்து போனை எடுக்கவில்லை. என் மனைவி படத்துக்குக் கீழே வந்த கருத்துகளை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். சிரிப்புக்கு நடுவில், இந்த வயசில் இவங்களுக்கு எதுக்கு வண்டி என்று ஒருவன். வீட்டில் ஆம்பளை இல்லையா என்று ஒருவன். ரோட்டில் இறங்கினால் எத்தனை பேர் சாவார்களோ என்று ஒருத்தி. நான் சொன்னேன், ஊர் வாயை மூட முடியாது, இன்னும் ரெண்டு நாளில் வேறொன்று வந்துவிடும். அவள் அடுத்த கருத்தைப் படித்தாள். பீரோவில் துணிக்கு அடியில் லைசென்ஸை வைத்த அத்தனை பேரும் பயந்தது இதே பேச்சுக்குத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருந்தது.

"அவங்க யார்கிட்டயும் காட்டாத பயத்தை நம்மள நம்பிக் கொண்டு வந்து குடுத்தாங்க," என்றாள். "நாம அதை வித்துட்டோங்க."

படத்தை நீக்கிவிட்டாள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே நீக்கினாள். டயர் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொன்னாள். எங்கள் பக்கத்திலிருந்து நீக்கினாலும், ஊரெல்லாம் பரவியதைத் திருப்பி வாங்க முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். என் மைத்துனன் இந்த முறை நேரிலேயே வந்தான். லட்சுமி வாசல் கதவைத் தட்டினால் ஆள் இல்லை என்று சொல்கிறாயா என்று கத்திவிட்டுப் போனான். அவள் அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, கர்வமாகவும் இருந்தது. கர்வம்தான் கூட.

மறுநாள் மஞ்சள் வண்டியில் கேஷியரம்மா வீட்டுக்குப் போனோம். வாசலில் நீல வண்டி இல்லை. அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. உறையை மடித்துப் படியில் வைத்திருந்தார். மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். சர்வீஸுக்கு விட வேண்டும் என்று சொன்னானாம். அவன் அலுவலகத்தில் யாரோ அந்தப் படத்தைக் குழுவில் போட, அது இவன் அம்மா என்று தெரியாமலேயே எல்லோரும் சிரிக்க, இவனும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் கேஷியரம்மாவின் குரல் உடைந்தது.

என் மனைவி மன்னிப்புக் கேட்டாள். சுற்றி வளைக்காமல், வெட்டினது என் தப்பு என்றாள். பின்பாதி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, டிரம்மை நிறுத்தி, சரியாகக் கொண்டுவந்து விட்டதெல்லாம் இருக்கிறது, நீங்கள் சரி என்றால் அதைப் போடுகிறேன், பார்த்தவர்கள் எல்லோரும் அதையும் பார்க்கட்டும் என்றாள்.

கேஷியரம்மா படியிலிருந்த உறையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"வேண்டாம்மா. நல்லா ஓட்டினேன்னு அவங்ககிட்ட எதுக்கு நான் சர்டிபிகேட் வாங்கணும்?" என்றார். பிறகு எங்கள் வண்டியைப் பார்த்தார். "என் பையன் வீடு வரைக்கும் நான் ஓட்டட்டுமா?"

மைதானத்தைத் தாண்டி அவர் ஓட்டியதே இல்லை. மகன் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. இடையில் சந்தை, மேம்பாலம், பள்ளி விடும் நேரம். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். நான் பின்னால் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். இது அமைந்தால் இதற்கு முன்னால் அந்த டிரம் படம் கால்தூசுக்குச் சமம் என்று எனக்கே தோன்றிவிட்டது. இத்தனை நாள் அவளோடு இருந்ததில் ஒட்டிக்கொண்ட புத்தி.

"போனை உள்ள வைங்க," என்றாள் என் மனைவி, திரும்பாமலேயே.

வைத்தேன். அதனால் அந்தப் பயணத்துக்குச் சாட்சி நாங்கள் மூன்று பேர்தான். சந்தையில் வண்டி ஒருமுறை நின்றுபோனது. பின்னால் ஒரு வேன்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. கேஷியரம்மாவின் காது சிவந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.  என் மனைவியின் கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருந்தும் அதைத் தொடவில்லை. கேஷியரம்மா மூச்சை இழுத்துவிட்டு, கியரைச் சரி செய்து, வங்கியில் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால் நோட்டை எப்படி எண்ணியிருப்பாரோ அதே நிதானத்தில் வண்டியைக் கிளப்பினார். மேம்பாலத்தில் ஏறும்போது நான் உள்ளுக்குள் சாமியெல்லாம் கும்பிட்டேன். இறங்கும்போது என் மனைவியின் தோளைத் தட்ட வேண்டும்போல இருந்தது.

மகன் குடியிருப்பின் முன்னால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு இடம்தான் இருந்தது. கேஷியரம்மா பின்னோக்கி எடுத்து, ஒரே தடவையில் அதில் நிறுத்தினார். மாடியில் மகன் ஈரத் துண்டை உதறிக்கொண்டு நின்றவன், உதறுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். அவர் மேலே பார்க்கவில்லை. படியேறிப் போனார். என்ன பேசினார்களோ எங்களுக்குத் தெரியாது. குரல் எதுவும் கீழே வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் நீல வண்டியின் சாவி இருந்தது. மகன் அவருக்குப் பின்னால் வாசல் வரை வந்து, கூட வரட்டுமா என்று கேட்டான்.

"இன்னைக்கு வேண்டாம்பா," என்றார். "நாளைக்கு வா, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

நீல வண்டியில் அவர் தனியாக ஏறினார். அதில் பக்கத்து இருக்கைக்குப் பிரேக் கிடையாது. என் மனைவி ஓட்டுநர் இருக்கைக்கு மாறி, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனாள். அவர் வேகம் குறைத்தபோதெல்லாம் இவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த வண்டி இவளுடையது இல்லை, ஆனால் அதை ஓட்டியவர் இவள் கையால் உருவானவர். இவள் என் மனைவி என்று அந்தத் தெருவில் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல எனக்கு இருந்தது.

நாற்சந்தி வந்தது. கேஷியரம்மா வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நீல வண்டியின் வலப்பக்க விளக்கு மினுங்கியது.

"தப்பா போட்டுட்டாங்க," என்றேன். "ஹாரன் அடி."

என் மனைவி அடிக்கவில்லை. நீல வண்டி நின்று, பார்த்து, எதிரே வந்த பேருந்துக்கு வழி விட்டு, அழகாக வலப்பக்கம் திரும்பியது. அந்தச் சாலையில் வீடு எதுவும் இல்லை. நேரே போனால் ஊர் முடிந்து கடற்கரை வரும். என் மனைவி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். நீல வண்டி கண்ணாடியை இறக்கிக்கொண்டே, வேகம் பிடித்துப் போய்க்கொண்டிருந்தது.