மூக்கு

சாலமோனுக்கு மூக்கு செத்து நாலு வருஷம் ஆகிறது. மணலியில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு நாள் வால்வு பிய்த்துக்கொண்டு கேஸ் முகத்தில் அடித்தது. மேலாளர் ஒரு டம்ளர் மோரும் ரெண்டு நாள் லீவும் கொடுத்தார். பெரிய மனசு! அதற்குப் பிறகு சாலமோனுக்கு மல்லிப்பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

அப்படிப்பட்டவன் போய் விம்கோ நகரில் புகைக்கறிக் கடை வைத்தான் என்றால் சிரிப்பார்கள். அதனால் மூக்கு விஷயத்தை யாருக்கும் சொல்லவில்லை. கடையில் ஒரு ஸ்மோக்கர் பெட்டி. ஒரு பக்கம் பெல்லட்டைக் கொட்டினால் போதும். மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குட்டித் துண்டுகள் அவை. மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும், ஃபேன் புகையை ஊதும், பத்து மணி நேரத்தில் மாட்டு நெஞ்சுக்கறி விரலால் பிய்க்கிற பதத்துக்கு வந்துவிடும். மோப்பம் பார்க்கும் வேலை மட்டும் மனைவி தேவப்பிரியத்துடையது. பக்கத்து வீட்டு மீன் குழம்பில் புளி கூடினால்கூட மாடிப்படியிலேயே சொல்லிவிடுகிறவள். அவள் தலையாட்டினால்தான் அவன் கத்தியை எடுப்பான்.

இன்று சௌக்கத் அலி பாயின் மகள் ஆஃபியாவுக்கு நிக்காஹ். இருபது கிலோ கறியைப் பாயே தன் ஆளை வைத்து அறுத்து, முந்தின நாள் சாயங்காலம் கொடுத்தனுப்பியிருந்தார். இந்த விருந்து நல்லபடியாக முடிந்தால் ராயபுரம் வரைக்கும் கடை பேர் போகும் என்று சாலமோன் ஒரு வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். பெல்லட் மட்டும் புதுசு. யானைக்கவுனியில் வாங்கிய மூட்டை. விடியற்காலையில் தேவப்பிரியம் ஒரு கை அள்ளி மோந்தாள்.

"நல்லாத்தான் கீது. போடு."

மதியம் மூன்று மணிக்குப் பாய் வந்தார். சாலமோன் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி நீட்டினான். வாயில் போட்டவர் மெல்லவில்லை. கர்ச்சீப்பை எடுத்து அதில் துப்பி, மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"இன்னா சாலமோன், டீசல் நாத்தம் அடிக்குது. உனக்குத் தெர்ல?"

சாலமோன் உள்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எம்பொண்ணு கல்யாணம்பா." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாலமோன் உள்ளே போனான். தேவப்பிரியம் சுவரைப் பார்த்து நின்றாள்.

"நீ மோந்து பாத்துத்தானே சொன்ன?"

"எனக்கும் தெர்லய்யா." அவள் திரும்பவில்லை. "போன மழைல தண்ணியோட கம்பெனி எண்ணெய் வூட்டுக்குள்ள வந்துச்சே, நாலு நாள் வாரி வாரி ஊத்தினேன். அதோட மூக்கு போச்சு. நிறத்த பாத்து, தொட்டு பாத்துத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"என் மூக்க நம்பித்தானே கடய வெச்ச? உன் மூஞ்சிய பாத்துக்கினு எப்டி சொல்ல சொல்ற?"

அவளை அடிக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் விருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கல்யாண வீட்டுப் பதற்றத்தில் பாய் கூட்டிச் சொல்லியிருக்கலாம் இல்லையா? வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் கீர்த்தியைக் கூப்பிட்டான். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பெட்டியின் மூடியைத் திறந்து அவளைத் தூக்கிக் காட்டினான்.

"நல்லா மோந்து பாரு பாப்பா. நாத்தம் அடிக்குதா?"

குழந்தை கண்ணை மூடி இழுத்து மோந்தது.

"இல்லப்பா. நல்லாத்தான் கீது."

தேவப்பிரியம் சட்டென்று திரும்பினாள். சாலமோனுக்கு உயிர் வந்தது.

"நெசமாவா? இன்னா வாசன வருது, சொல்லு."

"எப்பவும் வர்றதுதாம்பா. காலைல ஸ்கூலுக்குப் போறப்ப வருமே, ராத்திரி ஜன்னல தொறந்தா வருமே, அது. நம்ம வூட்டு வாசன."

சாலமோன் மூடியைச் சாத்தினான். குழந்தையைக் கீழே இறக்காமல், தலையை இழுத்து உச்சி முகர்ந்தான். காலையில்தான் எண்ணெய் வைத்துத் தலைவாரியிருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.