கம்பி கட்டிய தாடை

தம்பியின் தாடை உடைந்த சத்தம் தனக்குக் கேட்டது என்றுதான் வெர்னா கடைசிவரை சொன்னாள். மைதானத்தின் இந்தக் கோடியில், கான்டீன் சன்னலுக்குப் பின்னால் நின்று பன்னுக்குள் தக்காளி சாஸைப் பிதுக்கிக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள். காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து முறித்தது போல இருந்தது என்றாள் அவள்.

அன்று டீல் ஏரிக்கும் வாரபினுக்கும் கால்பந்து அரையிறுதி. வாரபின் அவள் பிறந்த ஊர், டீல் ஏரி வாழ்க்கைப்பட்ட ஊர். தம்பி நெவில் அந்தப் பக்கம் ஆடினான், கணவன் லெஸ் இந்தப் பக்கம். பந்து எங்கோ அடுத்த கோடியில் கிடக்க, அம்பயர்கள் எல்லோரும் அங்கே பார்த்துக்கொண்டிருக்க, நெவில் லெஸ்ஸின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். லெஸ் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு திரும்பி, தோளிலிருந்து முழுக் கையையும் வீசி, தாடையில் குத்தினான்.

நெவில் கோதுமை மூட்டை சாய்வது போலச் சாய்ந்தான். அதோடு விட்டிருந்தால் ஆட்டத்தில் நடக்கிறதுதான் என்று ஊர் மறந்திருக்கும். லெஸ் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டு மறுபடி குத்தினான். மறுபடியும். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களின் கதவுகள் படபடவென்று திறந்தன. வேலியைத் தாண்டி ஆட்கள் குதித்தார்கள். முப்பது நாற்பது பேர் சேற்றில் ஒருவரையொருவர் பிடித்து இழுத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் குடையால் டீல் ஏரிக்காரன் ஒருவனின் முதுகில் விளாசினாள்.

வெர்னா சாஸ் பாட்டிலைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள். கூட்டத்தை முட்டிக்கொண்டு உள்ளே போய், லெஸ்ஸின் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"என்னடா பண்ற? என் தம்பிடா அவன்!"

லெஸ் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் நீர் இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கையிலிருந்த பாட்டிலால் அவன் தோளில் ஒரு அடி போட்டாள். நெவிலின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வைக்கத் தெரியாமல் வைத்தது போலத் தொங்கியது. பல் ஒன்று அவன் கழுத்துப் பள்ளத்தில் கிடந்தது.

அவளுடைய அப்பா ஆல்ஃப் டில்னிதான் வாரபின் அணியின் கோச். கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி நிதானமாக நடந்து வந்தார். மகனைக் குனிந்து பார்க்கவில்லை. அம்பயரிடம் போய், "கேட்ஸ்டன் பேர எழுதிக்கிட்டீங்களா? லெஸ் கேட்ஸ்டன். சரியா எழுதுங்க" என்றார்.

லெஸ்ஸை வெளியே அனுப்பியதும் டீல் ஏரி அன்று தோற்றது. ஆட்டச் சங்க விசாரணையில் அவனுக்கு இந்தப் பருவத்தின் மிச்சத்துக்கும் அடுத்த பருவம் முழுக்கவும் தடை விழுந்தது. ஏன் அடித்தாய் என்று கேட்டதற்கு, "அடிச்சேன். அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். வீட்டிலும் அதே பதில்தான். வெர்னா கத்திப் பார்த்தாள், கதவைச் சாத்திப் பார்த்தாள். அவன் காலையில் எழுந்து கோதுமைக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனான், மாலையில் வந்தான், பின்வராந்தாக் கட்டிலில் படுத்துக்கொண்டான். அவனைத் தொட்ட தன் கையை நினைத்தாலே அவளுக்குக் கூசியது. இதற்கு முன் அவன் ஒரு நாய்க்குட்டியைக்கூட உதைத்தவனில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அம்மா போன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைச் சாப்பாடு வெர்னா வீட்டில்தான். அப்பாவும் நெவிலும் வாரபினிலிருந்து வண்டியில் வருவார்கள். நெவில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமும் அவள் அதை நிறுத்தவில்லை.

"அவன் வரான்" என்றாள் லெஸ்ஸிடம். "நீ அவன் எதிர்ல உக்காரணும். அவன் எப்படித் திங்கிறான்னு பாக்கணும். எந்திரிச்சுப் போன, நானும் எந்திரிச்சுப் போயிடுவேன், இந்த வீட்ட விட்டு."

"சரி" என்றான் லெஸ்.

ஞாயிறு மதியம் அவள் கறி உருண்டைக்கு உட்கார்ந்தாள். வெங்காயத்தைத் துருவியில் தேய்த்தாள், கூடவே விரல் முட்டியும் தேய்ந்தது. கொத்துக்கறியில் பாலில் ஊறிய ரொட்டியைப் பிழிந்து போட்டு, முட்டை உடைத்து, மிளகும் வூஸ்டர் சாஸும் விட்டு, யார் கழுத்தையோ நெரிப்பது போலப் பிசைந்தாள். உருட்டி, மாவில் புரட்டி, மாட்டுக் கொழுப்பில் போட்டாள். கொழுப்பு தெறித்து முன்கையில் சுட்டது. துடைக்கவில்லை. உருண்டைகள் கருகாமல் சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் மெல்லிசாக அரிந்த வெங்காயத்தைக் கொட்டினாள். வெங்காயம் வதங்கி, நிறம் மாறி, இனிக்கிற வாசனை வீடு முழுக்க ஏறும்வரை அகப்பையோடு நின்றாள். மாவு தூவி வறுத்து, எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றி, கொதி வந்ததும் உருண்டைகளைத் திரும்ப உள்ளே இறக்கினாள்.

நெவிலுக்குச் சிறு வயதிலிருந்து பிடித்தது இது. இப்போது அவனால் வாயைத் திறக்க முடியாது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவன் பங்கை அவள் சல்லடையில் வைத்துக் கரண்டியால் அழுத்தித் தேய்த்து, குழம்பை ஊற்றிக் கஞ்சி பதத்துக்குக் கரைத்தாள். போன பல்லின் சந்து வழியாக உறிஞ்சிக்கொள்வான்.

இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். நெவில் பாதி எடைக்கு வற்றியிருந்தான். கழுத்தில் ஒரு கயிறு, அதில் சின்னதாக ஒரு கம்பி வெட்டி தொங்கியது.

"இது என்னடா, சலங்கை மாதிரி?" என்றாள்.

"நர்ஸ் குடுத்தாங்கக்கா" என்றான் பல்லுக்கு நடுவே. "வாந்தி வந்தா வெளிய போக வழியில்ல. மூச்சு அடைச்சுடும். உடனே கம்பிய வெட்டணுமாம். தூங்கும்போதுகூடக் கழட்டக் கூடாதாம்."

லெஸ் அந்தக் கம்பி வெட்டியைப் பார்த்தான். பிறகு தன் தட்டைப் பார்த்தான்.

ஆல்ஃப் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு மசியலைக் குவித்து, நடுவே குழி பண்ணி, குழம்பை நிரப்பிக்கொண்டார். நெவில் கோப்பையில் குழாயைப் போட்டு உறிஞ்சினான். பாதி உள்ளே போனது, பாதி மோவாயில் வழிந்தது. வெர்னா ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதெல்லாம் லெஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா" என்றான் நெவில்.

"என்ன மாப்ளே, பேச்சே காணோம்?" என்றார் ஆல்ஃப், வாய் நிறையக் கறியோடு. "அடுத்த சனிக்கிழமை ஃபைனல். கான்டீன்ல டீ ஊத்துற வேலை காலியா இருக்காம். ஏப்ரன் கட்டிக்கிட்டுப் போறியா?"

லெஸ் மசியலை முள்கரண்டியால் கிளறினான்.

"ஒரே ஒரு வார்த்தைக்குத் தாங்கல பாரு. இந்த உடம்ப வச்சுக்கிட்டு!"

"விடுங்கப்பா" என்றான் நெவில்.

"எதுக்கு விடணும்? உன்னால பத்து கோல் அடிச்சுச் செய்ய முடியாதத அந்த ஒரு வார்த்தையில நான் செஞ்சு காமிச்சேன். அவன் இல்லாத டீல் ஏரி டிஃபென்ஸ் டிஃபென்ஸாடா? என்ன, கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லியிருக்கணும் நீ."

வெர்னா துணியைக் கீழே வைத்தாள்.

"என்ன வார்த்தை?"

நெவில் குழாயைக் கடித்துக்கொண்டு கோப்பையையே பார்த்தான்.

"லெஸ். என்ன சொன்னான் உன்கிட்ட?"

"வேணாம் வெர்னா."

"நீங்க சொல்லுங்கப்பா."

"ஆட்டத்துல ஆயிரம் சொல்வாங்க" என்றார் ஆல்ஃப். வெட்கமில்லாமல்தான் சொன்னார், கத்தியால் ஒரு உருண்டையைப் பிளந்தபடி. "கேட்ஸ்டன் விதைச்சா சவப்பெட்டிதான் முளைக்கும்னு சொல்லுடா, அவனுக்குப் புத்தி கெட்டுடும்னேன். கெட்டுச்சா இல்லையா?"

இரண்டு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் வெர்னாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்து மாதமும் சுமந்த குழந்தை. மூச்சில்லாமல் வந்தது. பார்க்க வேண்டாம், மறந்துவிடு, அதுதான் நல்லது என்று சொல்லி, ஒரு துணியில் சுற்றி அறைக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அப்போது அவளோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவன் நெவில்.

அவள் எழுந்தாள். அப்பாவின் முன்னாலிருந்த தட்டை, அவர் முள்கரண்டி அதில் குத்தியிருக்கும்போதே இழுத்தாள். கதவுக்கு வெளியே வீசினாள். தட்டு படியில் உடைந்தது.

"எந்திரிங்க. வெளிய போங்க."

"யாரப் பாத்துடி..." ஆல்ஃப் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் முழங்கால் தரையில் இடித்தது. லெஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதற்குள் நெவில் எழுந்துவிட்டான். பின்னாலிருந்து அப்பாவின் காலரைப் பிடித்துச் சுவரோடு மோதினான். இருபத்தாறு வயதில் முதல் தடவையாக அவர் மேல் கை வைத்தான்.

ஆல்ஃப் யோசிக்கவில்லை. அவன் சிறுவனாக இருந்து பந்தைத் தவறவிட்ட நாட்களில், கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், தழும்பு தெரியாத இடமாகப் பார்த்து எங்கே குத்துவாரோ அங்கேயே, வயிற்றில், முஷ்டி புதையக் குத்தினார்.

நெவில் இரண்டாக மடிந்தான். குடித்ததெல்லாம் மேலே வந்தது. மேலே வந்து நின்றது. மூக்கு வழியாகப் பழுப்பாக ஒழுகியது. மீதி போக வழியில்லாமல் தொண்டையில் திரும்பியது. தரையில் விழுந்து கால்களை உதைத்தான். முகம் சிவந்து, கறுத்தது. கையால் கழுத்துக் கயிற்றைத் தேடினான், அது முதுகுப் பக்கம் போயிருந்தது.

லெஸ் மேசையைத் தாண்டித்தான் வந்தான். தட்டுகள் எல்லாம் சரிந்தன. நெவிலின் மார்பில் முழங்காலை ஊன்றினான், அன்று மைதானத்தில் ஊன்றிய அதே மாதிரி. அவன் கயிற்றை அறுத்துக் கம்பி வெட்டியை எடுத்தான்.

"தலையப் பிடி! ஆட விடாத!"

அவள் தம்பியின் தலையைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். லெஸ் கட்டைவிரலால் உதட்டைக் கிழிக்கிற மாதிரி விலக்கி முதல் கம்பியை வெட்டினான். வெட்டியின் முனை வழுக்கி ஈறில் குத்தியது. இரண்டாவது. நெவில் அவன் முகத்தில் பிராண்டினான். அவன் விலகவில்லை. கடைசிக் கம்பி அறுந்ததும், ஒட்டாத தாடையை இரண்டு கையாலும் பிடித்துப் பிளந்தான். நெவில் போட்ட அலறல் தெருவுக்கே கேட்டது. அவனை ஒருக்களித்துப் புரட்டினார்கள். எல்லாம் வெளியே வந்தது, ரத்தமும் கறியும் வெங்காயமுமாக. பிறகு இழுத்து ஒரு மூச்சு விட்டான்.

"மூச்சு வருது" என்றான் லெஸ்.

ஆல்ஃப் கதவுப் பக்கச் சுவரோரம் நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "சின்னதுலேருந்தே வயிறு வீக் இவனுக்கு" என்றார்.

வெர்னா எழுந்து போய் அவர் முகத்தில் குத்தினாள். அறையவில்லை, விரல்களை மடக்கித்தான் குத்தினாள். யாரையும் அப்படி அடித்துப் பழக்கமில்லாததால் கட்டைவிரலை உள்ளே மடக்கியிருந்தாள். அது முறிந்தது. அவர் வாசல் படியில் பின்னால் விழுந்து, உடைந்த தட்டின் மேல் உட்கார்ந்தார். அவள் இடக்கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

லெஸ்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனான். நெவிலின் தாடையை மறுபடி கட்டினார்கள். அது கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை வாரபின் கோப்பையை வென்றது. முகத்தில் கட்டோடு ஆல்ஃப் போட்டோவில் நடுவில் நின்றார். படியில் வழுக்கிவிட்டது என்று மதுக்கடையில் சொன்னாராம். அவர் அந்த வீட்டுக்கு அதன் பிறகு வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

நெவில் போக இடமில்லாமல் பின்வராந்தாக் கட்டிலுக்கு வந்தான். லெஸ் உள்ளே போனான்.

வெர்னா தம்பிக்கு மூன்று வேளையும் கரைத்துக் கொடுத்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டைவிரல் கட்டுக்குள் இருந்ததால் வெங்காயம் துருவுவது லெஸ்ஸின் வேலையாயிற்று. ஒரு சாயங்காலம் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு துருவிக்கொண்டிருக்கும்போது நெவில் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா. என்ன மன்னிச்சுட்டியா?"

"சாப்பாடு போடுறேன்" என்றாள். "அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத. அப்பா சொன்னாருன்னா உனக்கு வாய் எங்க போச்சு? சொல்ல மாட்டேன்னு சொல்ல வராதா அதுக்கு?"

நெவில் நின்றுகொண்டே இருந்தான். போகவில்லை. பிறகு லெஸ்ஸிடம் கேட்டான். "பேர் வச்சிருந்தீங்களா?"

லெஸ் துருவியைக் கீழே வைத்தான்.

"ஐலீன்" என்றான். "நான் பாத்தேன். நடைபாதையில நர்ஸ்கிட்ட கெஞ்சித் துணிய விலக்கிப் பாத்தேன். தலை நிறைய முடி. கறுப்பு முடி."

வெர்னா அவன் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. நீ பார்த்தாயா என்று அவளும் கேட்டதில்லை.

"மூக்கு?" என்றாள். "மூக்கு யார மாதிரி இருந்துச்சு?"

லெஸ் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.