கடைசி சீட்

சாத்தான்குளத்தில் சந்தனமாரியைப் பெரிய முருக பக்தை என்பார்கள். வருடா வருடம் திருச்செந்தூருக்கு நடந்தே போகிறவள், நடந்தே திரும்புகிறவள். திரும்பி வரவும் ஏன் நடக்கிறாள் என்று ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை. உண்மை அவள் புருஷன் மணிராஜுக்கும் மகள் நித்யாவுக்கும் மட்டும் தெரியும். பஸ்ஸைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். கல்யாணத்தன்று காரில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியிலேயே வாந்தி எடுத்தவள். மணிராஜ் அந்த வேட்டியை இன்னும் மறக்கவில்லை, அவளையும் மறக்க விடுவதில்லை.

நித்யாவோ இரண்டு வருடமாகப் பாபநாசத்துக்கு மேலே, புலிகள் காப்பகத்தில் வனக்காவலர். லீவுக்கு மகள்தான் வந்து போவாள். தாய் ஒருநாளும் அங்கே போனதில்லை.

ஆனி மாதம் ஒரு வரன் வந்தது. பையனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, மரியாதையான குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை: பெண் காட்டு வேலையை விட்டுவிட வேண்டும். ஆவணி முடிவதற்குள் பதில் வேண்டும் என்றார்கள். சந்தனமாரிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உடனே போனைப் போட்டாள்.

"ஏட்டி, புலிக்கு நடுவுல நீ கெடந்தது போதும். எழுதிக் குடுத்துட்டு வந்துரு."

"எம்மா, நீ ஒரு தடவ இங்கன வா. நான் இருக்க எடத்தப் பாரு. பாத்துட்டும் வேண்டாம்னு சொன்னியன்னா, அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு உன்கூட பஸ் ஏறுதேன். சத்தியம்."

போனை வைத்த பிறகுதான் சந்தனமாரிக்கு உறைத்தது. அம்மா எங்கே வரப்போகிறாள் என்ற தைரியத்தில் செய்த சத்தியம்! மணிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கெட்டிக்காரி. எங்கன அடிக்கணுமோ அங்கன அடிச்சிட்டா."

"சிரிக்காதீங்க. நான் மலைக்குப் போவேன். அவளக் கையோட கூட்டிட்டு வருவேன்."

சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, சனிக்கிழமை லீவு. காலண்டரில் ஏழு சனிக்கிழமைகளைச் சுழித்தாள். ஆறு பழகுவதற்கு, ஏழாவது மலைக்கு. அதுவும் கடைசி சீட்டில்தான் உட்கார்ந்து பழகுவது என்று வைத்தாள். அந்தக் குலுக்கலுக்கு உடம்பு படிந்துவிட்டால் மலை என்ன செய்துவிடும்?

முதல் சனிக்கிழமை முதலூர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கண்டக்டர் பாதி வழியில் விசிலடித்து, "எக்கா, பைய எறங்கு" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அடுத்த வாரம் பேய்க்குளம் பஸ். எலுமிச்சம்பழம் முகர்ந்தாள், நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்தாள். வாந்தி ஊறுகாய் வாசத்தோடு வந்தது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் பஸ் ஏறும்போதே மகள்மேல் ஆத்திரமான ஆத்திரம். இவளால்தானே இந்தப் பாடு என்று மனசுக்குள் திட்டத் தொடங்கினாள். அவள் என்ன சொல்வாள், அதற்குத் தான் என்ன சொல்வது என்று சண்டை வளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் பேய்க்குளம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. வயிறு வாயைத் திறக்கவில்லை.

மருந்து கிடைத்துவிட்டது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் சண்டை போட்டுக்கொண்டே பாளையங்கோட்டை போனாள், சண்டை போட்டுக்கொண்டே திருநெல்வேலி போனாள். உதடு அசைவதைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரி மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆறாவது சனிக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ்ஸில்தான் வம்பு வந்தது.

"பொட்டப்பிள்ள காட்டுல நடக்கலாமாட்டி?" என்று கேட்டாள் மனசுக்குள்.

மனசுக்குள் இருந்த நித்யா சும்மா இருக்கவில்லை. "ஆறு வயசுலருந்து என்னத் திருச்செந்தூருக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனது யாரு? வேலைக்கு எடுக்கையில நாலு மணி நேரத்துல பதினாறு கிலோமீட்டர் நடக்கச் சொன்னாவ. எத்தன பேரு பாதியில உக்காந்துட்டாவ தெரியுமா? நான் மொத ஆளா வந்தேன். அது யாரு குடுத்த காலு?"

சந்தனமாரி பதில் தேடினாள். கிடைக்கவில்லை. சண்டை நின்றது, வயிறு புரண்டது. அம்பாசமுத்திரத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க உலை கொதிக்கையிலும் அரிசி களைகையிலும் பதிலைத் தேடிப் பார்த்தாள். மணிராஜுக்கே பாவமாகிவிட்டது. "நானும் வாரேன்" என்றான்.

"வேண்டாம். இது எனக்கும் அவளுக்கும் உள்ளது."

ஏழாவது சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினாள். முறுக்கு, அதிரசம் என்று எதையும் கட்டவில்லை. மகளுக்கு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி, வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டுதான். பாபநாசம் வரை தெரிந்த சண்டையே போதுமானதாக இருந்தது. மலைப்பாதையில் பஸ் முதல் வளைவில் திரும்பியதுமே அவள் ஜன்னலோரம் போய் மோதினாள். இரண்டாவது வளைவில் எதிர்ப்பக்கம். மூன்றாவதில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. அது யாரு குடுத்த காலு?

வாந்தி தொண்டை வரைக்கும் ஏறிவிட்டது. பிளாஸ்டிக் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஆமாட்டி!" என்று கத்தினாள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "என் காலுதான். என் வீம்புதான். அதுக்கு இப்ப என்னங்கே?"

சொன்ன பிறகு வயிறு அப்படியே அடங்கிப்போனது. மிச்ச வளைவுகளில் அவள் யாரோடும் சண்டை போடவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேலே சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. காக்கி உடுப்பில் நித்யா ஏறினாள். அம்மா வருவாள் என்று அவளுக்குத் தெரியாது. முன் சீட்டிலிருந்து ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். கடா மீசைக்காரர் ஒருவரின் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்தாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். கடைசி சீட்டுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்மா!"

"பையப் பாருட்டி. எல்லாரு பையையும் பாத்தேல்லா?"

நித்யா பார்த்தாள். கருப்பட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். பிளாஸ்டிக் பையைக் கையில் எடுத்தாள். அது மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இத உள்ள விட மாட்டோம்மா."

"வச்சுக்க. எனக்குத் தேவப்படல."

நித்யாவின் முகம் வாடியது. அம்மா வந்தேவிட்டாளே! குரல் உள்ளே போனது. "சத்தியம் சத்தியந்தாம்மா. எழுதிக் குடுக்கட்டா?"

சந்தனமாரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீ ஒண்ணும் எழுதாண்டாம். மாப்பிள்ள வீட்டுக்கு நான் சொல்லிக்கிடுதேன். பொண்ணு வேணும்னா பையன் இங்கன வந்து பாக்கட்டும். பஸ்ல வரட்டும். கடைசி சீட்ல."