நன்றிக்குரியவர்கள்

“மேடம், உங்க பேரும் என் பேரும் ஒரே வரியில வந்திருக்கு. எனக்குச் சந்தோஷம்தான். உங்களுக்கு?” என்று கேட்டார் ஜீப் ஓட்டுநர். அவர் நீட்டிய கைபேசியில், அவள் வேலை பார்க்கும் பேராசிரியரின் புதிய கட்டுரை திறந்திருந்தது. வறண்ட நிலத்துப் புதர்களில் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு போட்ட வரைபடம். எழுதியவர்கள் ஆறு பேர். அவள் அதில் இல்லை. கடைசிப் பக்கத்தில், களப்பணியில் உதவியவர்களுக்கு நன்றி சொன்ன இடத்தில், ஓட்டுநருக்கு அடுத்து இருந்தாள்.

ஏழு வருஷம். வருஷா வருஷம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் கயிறு கட்டிச் சதுரம் போட்டு ஒவ்வொரு தண்டையும் அளந்தவள் அவள்தான். சில புதர்களை வேரோடு தோண்டி, உலர்த்தி, எடை போட்டவளும் அவள்தான். கடைசி நாற்பது சதுரங்களின்போது வயிற்றில் ஆறு மாதம். குனிய முடியாதபோது ஓட்டுநர் குனிந்து அளவு சொன்னார், அவள் எழுதினாள்.

“நீ லீவுல இருந்தப்ப எழுதினதும்மா. பச்சக் குழந்தையோட இருக்கிறவள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு பாத்தேன்” என்றார் பேராசிரியர், அவள் மாடியேறிப் போய்க் கேட்டபோது. குரலில் அத்தனை அக்கறை.

நான் பெத்தது குழந்தைய சார், மூளைய இல்ல. வாய்வரை வந்ததை விழுங்கினாள். மாதக் கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை.

அடித்தளத்தில் இருந்த தன் அறைக்குத் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுரையை வாசித்தாள். வரைபடத்தில் மேற்கு மேடு முழுக்க வெளிறிக் கிடந்தது. கார்பன் கிட்டத்தட்டப் பூஜ்யம். அந்த மேட்டில் முள் கிழித்த தழும்பு இன்னும் அவள் முழங்கையில் இருக்கிறது. படங்களின் தேதிகளைப் பார்த்தாள். அவள் லீவில் இருந்தபோது அவள் இடத்துக்கு வந்தவன் மேகமில்லாத படங்களாகப் பொறுக்கியிருந்தான். அத்தனையும் புதர்கள் இலை உதிர்த்து நிற்கும் மாதங்கள். வானத்திலிருந்து பார்த்தால் கட்டாந்தரைதான். கட்டுரையின் கடைசிப் பத்தியோ, அந்த ‘வெற்று நிலத்தை’ உழுது மரக்கன்று நடலாம் என்றது. நடுவதற்கு ஒரு கம்பெனி ஏற்கெனவே தயாராக இருந்தது.

கணவனிடம் போனில் கொட்டினாள். “தவளை தன் வாயாலதான் கெடும். நீ ஏன் போய் அதோட வாய மூடுற? பேசாம இரு” என்றான்.

இருந்திருப்பாள். ஆனால் உழப்போவது பேராசிரியரை அல்ல.

மறுபடி மாடியேறிப் போய்ச் சொன்னாள். அவர் முகம் ஒரு நொடி கறுத்தது. பிறகு சிரித்தார். “நல்லவேளை, பாத்துட்ட. எல்லாத்தையும் எனக்கு அனுப்பிடு. சின்னத் திருத்தம்னு சத்தமில்லாம போட்டுடலாம். நன்றியில உனக்குன்னு தனியா ரெண்டு வரி சேத்துடறேன், சரியா?”

ரெண்டு வரி. இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

உட்கார்ந்து, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியருக்கே நேராக எழுதினாள். மேற்கு மேட்டின் முப்பத்தொரு சதுரங்கள், தண்டு அளவுகள், வேரின் எடை, தேதியோடு புகைப்படங்கள். எல்லாவற்றையும் அளந்தவள் நான், கட்டுரையில் என் பெயர் இல்லை என்று முடித்து, முழுப் பெயரையும் போட்டாள். பேராசிரியருக்கு ஒரு பிரதி. ஓட்டுநருக்கும் ஒன்று. அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏழு வருஷத்தில் பேராசிரியர் இந்த அறைக்கு இறங்கி வந்ததே இல்லை. மூச்சு வாங்க நின்று, உட்கார இடம் தேடினார். இருந்த ஒரே நாற்காலியில் உலர்ந்த சுள்ளிகள் நிரம்பிய காகிதப் பைகள். மேசையிலும் தரையிலும் அவைதான். ஒன்றைத் தூக்கினார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“கீழ வச்சுடாதீங்க சார், கலந்துடும். அத இன்னும் எடை போடல.”

பையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி அவர் நின்றார். உள்ளே சுள்ளிகள் சலசலத்தன.