வால் இல்லாத கோடு

பதினொரு மணிக்குக் கூட்டம். அவளுடைய மூலக்கூறைக் கைவிடுவதா என்று இயக்குநர் அங்கே முடிவுசெய்வார். இரண்டு வருட உழைப்பு. மணி பத்து நாற்பது ஆகிவிட்டது; அந்த வேதியியல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

செல்பேசித் திரைக்காக அவள் வடிவமைத்த மூலக்கூறு அது. வீணாகப் போகும் ஆற்றலை அறையின் வெப்பத்தைக் கொண்டே மீட்டு, சற்றுத் தாமதமாக இன்னொரு முறை ஒளிர வேண்டும். அந்தத் தாமத ஒளி, கணினியில் வரும் கோட்டில் நீண்ட வாலாகத் தெரியும். இன்றைய கோடோ மொட்டையாக நின்றது.

"வாலைக் காணோம்மா," என்றார் லேசரை இயக்குபவர். ஆமை வேகத்தில் வேலை செய்வதால் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் மின்னல்.

"அண்ணா, ஆக்சிஜன் இருந்தா தாமத ஒளியத் தின்னுடும். நைட்ரஜன் விட்டு அதை வெளியேத்தினீங்களா?"

"விடாம? பத்து நிமிஷம் குமிழ் குமிழா வந்துச்சே! என்னைக் கத்துக்குட்டின்னு நினைச்சியா?"

மாதிரிக் கரைசலுக்குள் வாயு விடும் குழாயைப் பிடித்தபடியே அவள் மேசைக்குப் பின்னால் போனாள். அதன் மறுமுனை நைட்ரஜன் உருளையில் இல்லை; பக்கத்துச் சுவரில் உள்ள வால்வில் மாட்டியிருந்தது.

"அண்ணா! இது கண்ணாடிக் குடுவை காயவைக்கிற காத்து!"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே குமிழ் விடுது..." மின்னலின் குரல் உள்ளே போய்விட்டது.

குழாயை மாற்றினாள். குமிழ்கள் வந்துகொண்டிருந்த பத்து நிமிடமும் அவள் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பத்து ஐம்பத்தொன்றுக்கு லேசர் பாய்ந்தது. கோடு மளமளவென்று சரிந்தது. முன்பு மொட்டையாக நின்ற இடத்தில் நிற்காமல் வாலாக நீண்டுகொண்டே போனது.

"பிரின்ட் எடுங்கண்ணா, ஓடுங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக மின்னல் ஓடினார்.