ஓடை வளைவில் முப்பது

இதனால் சகலமான வாகன ஓட்டிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1974-ஆம் ஆண்டு ஆவணி மாதம் பத்தாம் நாள் முதல், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி செல்லும் சாலையில் அவசரம் என்பது ஒழிக்கப்பட்டது. ஓடை வளைவில் ‘30’ என்று எழுதிய பலகையை அதிகாரி ஒருவர் திறந்துவைத்தார். அதற்குச் சாத்திய சாமந்தி மாலை, எண்ணை மறைத்துக்கொண்டு நான்கு நாள் தொங்கியது. அதைக் கழற்றும் அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாகவில்லை.

பலகை வந்ததற்குக் காரணம் ஜோசப். எண்ணூர் ஃபாக்டரியில் முதல் ஷிப்டு. பொன்னேரியில் ரயிலைப் பிடிக்கச் சைக்கிளில் போனவரை அந்த வளைவில் ஒரு தனியார் பஸ் அடித்துக் கொன்றது. டிரைவர் ஜெயிலுக்குப் போனார். அந்த வண்டியும் வேலையும் நாகமுத்துவுக்கு வந்தன. “ஆறு மாசம் ஓட்டு, அப்புறம் பாக்கலாம்” என்றார் முதலாளி துளசிராமன். நாகமுத்துவுக்கு நாற்பத்தேழு வயது. இது போனால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

அவர் செய்த ஒரே தப்பு, பலகையைப் படித்ததுதான். வண்டியில் வேகம் காட்டும் முள் செத்துப் பல வருஷம். அதனால் வளைவில் முன்னால் ஒரு ஷிப்டு சைக்கிள் போனால், அதன் பின்னாலேயே உருட்டினார். சைக்கிளை முந்தாதவரை முப்பதைத் தாண்டவில்லை என்பது அவர் கணக்கு.

வண்டி நிறைய மீன் கூடைகள். பொன்னேரியில் மதராஸ் பாசஞ்சரைப் பிடிக்காவிட்டால் வெயில் ஏறி மீன் கெட்டுவிடும்.

“இன்னா நைனா, சாமி ஊர்வலமா போறோம்?” என்றாள் மீன்காரி கங்கம்மாள்.

“போர்டு வச்சிகிறாங்கம்மா.”

“போர்டா வந்து என் மீனை வாங்கப் போவுது?”

பக்கத்தில் பூவம்மாள், “உடுக்கா. சைக்கிளுக்குக் காவல் வந்துகினுகிறாரு, பேஜாரு பண்ணாதே” என்றாள்.

அன்று ரயில் போய்விட்டது. மறுநாள் அத்தனை பேரும் கூடையோடு நிறுத்தத்திலேயே நின்றார்கள். ஆறு நிமிஷம் கழித்து வரும் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். நாகமுத்து காலி சீட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

“இன்னாய்யா, காத்தையா ஏத்திக்கினு வர்றே?” என்றார் துளசிராமன்.

“வளைவுல ஆளு செத்துகிது மொதலாளி.”

“அது போன டிரைவரு. நாளைக்கும் லேட்டானா சாவிய வச்சிட்டுப் போய்க்கினே இரு.”

அதே நாள் பகல் முழுவதும் ஓடை வளைவில் ஆராய்ச்சி நடந்தது. ஓட்டுநர்கள் வேக வரம்பை ஏன் மதிக்கிறார்கள், ஏன் மதிப்பதில்லை என்று கண்டறிய சுப்பராயன் என்ற அதிகாரி மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். அவர் படிவத்தில் வயது, படிப்பு, கண்பார்வை, குடிப்பழக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கட்டம் இல்லை. மீனுக்கும் இல்லை. துணைக்கு ஒரு போலீஸ்காரர் விறைப்பாக நின்றார். அவரைக் கண்டதும் லாரிகள் எல்லாம் பூனை நடை போட்டன. ஒரு மாட்டு வண்டிகூட வேகத்தைக் குறைத்தது.

மறுநாள் காலை சுப்பராயன் ஊர் திரும்ப நாகமுத்துவின் வண்டியில் ஏறி, டிரைவருக்கு அருகே உட்கார்ந்தார். பலகை முழு வெற்றி என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் மிதிப்பா. பாசஞ்சரை விட்டா இன்னைக்கு ரிப்போர்ட் போகாது.”

“வளைவு வருது சார். முப்பது.”

“இன்னைக்குத்தான் போலீஸ் இல்லையே.”

பின்னால் அடுத்த கம்பெனி பஸ் ஆரன் அடித்தது. நாகமுத்து கண்ணாடியில் அதைப் பார்த்தார். முன்னால் சைக்கிளில் ஜெயராஜ், அவரும் முதல் ஷிப்டு. நாகமுத்து மிதித்தார். வண்டி உரசியதில் ஜெயராஜ் சைக்கிளோடு ஓடையில் விழுந்தார். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. பஸ் நிற்கவில்லை.

ரயிலுக்கு மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது. சுப்பராயன் நன்றி சொல்லிவிட்டு ஓடினார்.

வண்டி ரயிலைப் பிடித்த செய்தி பரவியதும் மீன்காரிகள் திரும்பி வந்தார்கள். “இப்பத்தான் நைனா நீ டிரைவரு” என்றாள் கங்கம்மாள். நாகமுத்து கியரைப் போட்டார்.

ஜெயராஜின் கை கோணலாகக் கூடியது. ஃபாக்டரியில் அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஆறாம் மாதம் நாகமுத்துவின் வேலை நிரந்தரமானது.