எந்தக் கையில் மோதிரம்

"கழட்டிட்டேன் புர்கி! பன்னிரண்டு நாள் கழிச்சு கழட்டிட்டேன்!"

கத்திக்கொண்டே தேவாலய வாசலுக்கு ஓடி வந்தான், நான் கட்டிக்கொள்ளப்போகிற போல்டி. வந்த வேகத்தில் என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பாதிரியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இவன் கட்டிக்கப்போறது உன்னையா, சாமியாரையா?" என்றார் அப்பா. "காலங்கார்த்தாலயே குடிச்சிருக்கானா?"

குடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவனுடைய பேராசிரியர் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். அதை மாட்டினால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மூளை எத்தனை நாளில் சமாளிக்கிறது என்று எழுதிக்கொள்வார். முதல் மூன்று நாள் போல்டி கதவு என்று நினைத்துச் சுவரில் முட்டினான். சூப்பைக் காதுக்கு ஊட்டினான். பத்தாம் நாள் சைக்கிளில் சந்தையைச் சுற்றி வந்தான். மூளை பழகிவிட்டது. வியாழக்கிழமை கழற்ற வேண்டியது. "நல்லா வந்துட்டிருக்கு போல்டி, இன்னும் ரெண்டே நாள்" என்று கல்யாணக் காலை எட்டு மணி வரை இழுத்துவிட்டார் மனிதர். கண்ணாடி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இப்போது நேரான உலகம் அவனுக்கு இடவலம் மாறித் தெரிந்தது.

"எப்போடா சரியாகும்?" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னார்."

"கல்யாணம் பத்து மணிக்குடா!"

அப்பா என்னைத் தனியே இழுத்தார். "இதோ பார். நம்ம ஊர்ல மோதிரத்தை இடது கையில போட்டா நிச்சயதார்த்தம். வலது கையில போட்டாத்தான் கல்யாணம். இடதுல போட்டான்னா இன்னிக்கு நீ என்கூட வீட்டுக்கு வர்றே. மரக்கடை வெண்டலின் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை, தெரியுமில்ல?"

வெண்டலினை எனக்கு நன்றாகத் தெரியும். பலகையைப் பார்க்கிற மாதிரியே பெண்களையும் பார்ப்பான்.

பலிபீடத்தின் முன் எதிரெதிரே நின்றோம். போல்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். பார்வை மட்டும் மெழுகுவர்த்திப் பக்கம் போனது. இவன் கை தப்பான பக்கம்தான் போகும், நாம் கையை மாற்றி நீட்டிவிடலாம் என்று யோசித்தேன். மணிக்கட்டில் கைகளைக் குறுக்கே வைத்து நீட்டினேன். அவனும் அதே நேரத்தில் யோசித்திருக்கிறான்.

"பயப்படாதே," என்று கிசுகிசுத்தான். "எது சரின்னு தோணுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் போறேன்."

"ஐயோ, வேண்டாம்! நான் மாத்திட்டேன்!"

"எதை மாத்தின?"

"கையை!"

"அப்ப நான் மாத்தக் கூடாதா?"

"கூடாது!"

"நீ மாத்தாம இரு, நான் மாத்திக்கிறேன்."

நான் பழையபடி நீட்டினேன். அதற்குள் அவனும் மனதை மாற்றிக்கொண்டுவிட்டான். மோதிரம் என் இடது கை விரல் நுனியைத் தொட்டது. முன்வரிசையில் அப்பா எழுந்து நின்று, வீட்டுக்குக் கிளம்புகிறவர் போலத் தொப்பியைக் கையில் எடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கண்ணை மூடு போல்டி!"

"என்ன?"

"மூடித் தொலை! கண்ணுதானே பொய் சொல்லுது? கைக்கு என்ன வந்தது?"

மூடினான். விரல்கள் என் முழங்கையிலிருந்து தடவிக்கொண்டு இறங்கின. மணிக்கட்டு, உள்ளங்கை, விரல். இருட்டில் சட்டைப் பொத்தானைப் போடுகிறவன் போல நிதானமாக என் வலது கையில் மோதிரத்தைப் போட்டான்.

பாதிரியார் குனிந்து பார்த்தார். "வலதுதான்," என்றார், ஊருக்கே கேட்கிற குரலில்.

"கண்ணை மூடிக்கிட்டா ஒருத்தன் கல்யாணம் பண்ணிப்பான்?" என்று அப்பா சீறினார்.

"நீங்க மட்டும் என்ன, தொறந்து வச்சுக்கிட்டா பண்ணீங்க?" என்றாள் அம்மா.

அப்பா உட்கார்ந்துவிட்டார். ஆர்கன் முழங்கியது. போல்டி கண்ணைத் திறந்து, பெருமையாக என் கையைக் கோத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, ஒரு கதவைத் திறந்து என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனான். வாசல் இல்லை; செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனக் கூண்டு.

"அதுக்குள்ளயா?" என்றார் பாதிரியார்.